விண்டோஸ், மேக், லினக்ஸ்: ஒரே அலுவலகத்தில் மூன்றையும் எந்த வழியில் சேர்ப்பது?

கணக்குப் பிரிவில் விண்டோஸ். வடிவமைப்பாளர்களிடம் மேக். நிரல் எழுதுபவர்களிடம் உபுண்டு என்ற லினக்ஸ். மூன்றும் ஒரே சுவிட்சில்தான் செருகியிருக்கின்றன, ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒரு கோப்பு இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போக, ஒருவர் அதைத் தனக்குத்தானே மெயிலில் அனுப்பிக்கொள்கிறார். இன்னொருவர் பென் டிரைவைத் தேடுகிறார். ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘இறுதி புதியது 2’ என்று ஒரே ஆவணம் மூன்று கணினிகளில் மூன்று விதமாக வளர்கிறது.

இப்படிப்பட்ட அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். “எந்த சர்வர் வாங்கலாம்?” என்ற கேள்வியோடுதான் எல்லாரும் வருகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: எதைப் பகிர வேண்டும்? கோப்புகளையா, யார் யார் உள்ளே வரலாம் என்ற பெயர்ப் பட்டியலையா, பிரிண்டரையா, விண்டோஸில் மட்டும் ஓடும் அந்த ஒரு மென்பொருளையா? நான்குக்கும் தீர்வு வேறு வேறு. ஒரே பெட்டியை வாங்கி நான்கையும் தீர்க்கப் பார்த்த இடங்களில் பணமும் போய், பென் டிரைவும் திரும்ப வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு; போகப் போகத் தெரியும்.

எல்லாரையும் ஒரே வகைக்கு மாற்றிவிட்டால்?

முதலில் தோன்றும் யோசனை இதுதான், இதைத் தள்ளிவிட வேண்டியதும் இல்லை. பதினைந்து பேரில் இரண்டே பேர் வேறு கணினி வைத்திருக்கிறார்கள், அதற்கு வேலை சார்ந்த காரணமும் இல்லை என்றால், அந்த இரண்டையும் மாற்றுவதுதான் மலிவு. பராமரிக்க ஒரே வகை, பயிற்சிக்கு ஒரே வகை, உதிரிக் கணினியும் ஒரே வகை.

ஆனால் கலப்பு பெரும்பாலும் தற்செயலாக வருவதில்லை. வீடியோ எடிட் செய்பவர் மேக்கில் பத்து வருடம் கைபழகியவர். நிரலர் எழுதுவது லினக்ஸ் சர்வரில் ஓடப்போகும் நிரல். அதே சூழலில் எழுதினால்தான் அவருக்குப் பிழை குறையும். கணக்கு மென்பொருள் விண்டோஸை விட்டு நகராது. இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் புதிய பிராசசரும் இல்லாத கணினிகள் நிறைய. அவை நன்றாக ஓடுகின்றன, தூக்கிப் போட மனம் வராது. அவற்றில் லினக்ஸ் போடுகிறவர்கள் உண்டு. ஆக, இன்று ஒரே வகையாக இருக்கும் அலுவலகமும் நாளை அப்படியே இருக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. கணினிகளை ஒன்றாக்குவதைவிட, அவை பேசிக்கொள்ளும் மொழியை ஒன்றாக்குவது நீண்ட நாள் நிற்கும்.

பொதுக் கோப்பு சர்வர்: மூன்றும் பேசும் மொழி

அந்த மொழிக்குப் பெயர் எஸ்எம்பி. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்து, விண்டோஸின் கோப்புப் பகிர்வே அதுதான் என்றாகிவிட்டது. நெடுங்காலம் மற்றவர்களுக்கு அது மூடிய வீடு. 1991 இறுதியில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்தே அந்த மொழியைப் புரிந்துகொண்டு, யூனிக்ஸில் ஓடும் ஒரு சர்வரை எழுதினார். முதலில் வைத்த பெயருக்கு வேறொரு நிறுவனத்தின் உரிமை குறுக்கே வந்தது. எஸ், எம், பி மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் தேடினார். ‘சாம்பா’ கிடைத்தது. நெட்வொர்க்கில் செருகி எல்லாரும் கோப்பு வைக்கும் வட்டுப் பெட்டிக்கு நாஸ் என்று பெயர். இன்று விற்கும் நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸும் சாம்பாவும்தான்.

ஆப்பிளுக்குத் தனியாக ஏஎஃப்பி என்ற முறை இருந்தது. 2013-இல் மேக்கின் மேவரிக்ஸ் பதிப்பு வந்தபோது ஆப்பிளே எஸ்எம்பி 2-ஐ முதல் தேர்வாக்கியது. 2020-இன் பிக் சர் பதிப்பிலிருந்து ஒரு மேக்கால் ஏஎஃப்பி வழியாகக் கோப்பு பகிரவே முடியாது. பழைய நாஸ் பெட்டியில் ‘மேக்குக்காக’ என்று ஏஎஃப்பி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இந்த வாரமே அணைத்துவிடுங்கள்.

லினக்ஸ்காரர்கள் என்எஃப்எஸ் கேட்பார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் கொண்டுவந்த முறை. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் நிரல் தொகுப்புகளுக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஆளை அடையாளம் காணும் கெர்பரோஸ் முறையைச் சேர்க்காத சாதாரண என்எஃப்எஸ், ஆளின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்பதே இல்லை. கணினி சொல்லும் எண்ணை அப்படியே நம்புகிறது. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் பயனருக்கு எண் 1000. எல்லா உபுண்டு லேப்டாப்பிலும் அதே 1000. மேக்கில் முதல் பயனர் 501. அப்படியானால் சர்வரின் பார்வையில் மூன்று நிரலர்களும் ஒரே ஆள், மேக்கிலிருந்து வருபவர் யாரென்றே தெரியாத ஆள். ஒரு அலுவலகத்தில் சம்பள விவர ஃபோல்டரை ஒரு பயிற்சியாளர் தன் லேப்டாப்பில் சும்மா திறந்து காட்டினார். அவர் எதையும் உடைக்கவில்லை. அவருடைய எண்ணும் மேலாளரின் எண்ணும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். சர்வருக்கும் சர்வருக்கும் இடையே என்எஃப்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஆள்கள் உட்காரும் கணினிகளுக்கு எஸ்எம்பி மட்டும் போதும்.

இரண்டையும் ஒரே ஃபோல்டருக்குத் திறந்துவிடலாமே என்பார்கள். வேண்டாம். விண்டோஸில் ஒருவர் எக்செல் கோப்பைத் திறந்திருக்கும்போது, அதே கோப்பை மேக்கிலிருந்து திறப்பவருக்கு ‘படிக்க மட்டும்’ என்று சொல்வது எஸ்எம்பியின் பூட்டு. இருவரும் எஸ்எம்பி வழியாக வந்தால்தான் அந்தப் பூட்டு ஒருவருக்கொருவர் தெரியும். மூன்றாமவர் என்எஃப்எஸ் வழியாக வந்து சேமித்தால், தனியாக அமைப்பு செய்திருந்தாலொழிய, யாரும் தடுக்க மாட்டார்கள். முதலாமவரின் அரைநாள் உழைப்பு சத்தமில்லாமல் போய்விடும்.

எஸ்எம்பியிலும் பதிப்பைக் கவனிக்க வேண்டும். 2017 மே மாதம் உலகம் முழுதும் கணினிகளைப் பூட்டிய வன்னாக்ரை என்ற தீநிரல், எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை; சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை அணைத்தே தருகிறது. இத்தனைக்குப் பிறகும் பல அலுவலகங்களில் அது உயிரோடு இருக்கிறது, பெரும்பாலும் ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷினின் புண்ணியத்தில். ஸ்கேன் செய்ததை ஃபோல்டரில் போட அதற்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். அதற்காக மொத்த சர்வரின் கதவையும் திறந்து வைக்கக் கூடாது. ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வேறு எதுவும் இல்லாத ஒரு சின்னப் பெட்டியில் விழச் செய்து, சர்வர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னொரு பழக்கத்தையும் உடைத்தது. கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழையும் பொது ஃபோல்டர்கள் பல இடங்களில் ஒரே நாளில் திறக்காமல் போயின. புதிய பதிப்பு ஒவ்வொரு இணைப்பிலும் கையொப்பம் கேட்கிறது, விருந்தினருக்குக் கையொப்பம் கிடையாது. விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் போய்ப் பாதுகாப்பைத் தளர்த்தும் வழிகளை உடனே தேடுவார்கள். அந்த நேரத்தில் ஒவ்வொருவருக்கும் நாஸில் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கிவிடலாம். வேலை அதே அளவுதான், பலன் பல வருடத்துக்கு.

சரி, எந்த சர்வர்? மூன்று தேர்வுகள். விண்டோஸ் சர்வர் நல்ல சர்வர்தான், ஆனால் அதைத் தொடும் ஒவ்வொரு ஆளுக்கும் அல்லது ஒவ்வொரு கருவிக்கும் சிஏஎல் என்ற அணுகல் உரிமம் வாங்க வேண்டும். மேக்கிலிருந்தும் லினக்ஸிலிருந்தும் வருபவர்களுக்கும் சேர்த்துத்தான். கணக்குப் போடும்போது பலர் விட்டுவிடுவது இதை. சொந்தமாக ஒரு கணினியில் லினக்ஸும் சாம்பாவும் போட்டால் உரிமச் செலவு இல்லை. ஆனால் அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போன மறுநாள் அந்தப் பெட்டியைத் தொட எல்லாரும் பயப்படுவார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த வழி, ஆனாலும் பராமரிக்க ஒரு ஆள் நிரந்தரமாக இல்லாத இடத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கடையில் கிடைக்கும் நாஸ் பெட்டி நடுவில் நிற்கிறது. விலை கொஞ்சம் கூட; ஆனால் பிரவுசரில் திறந்து யார் வேண்டுமானாலும் ஒரு பயனரைச் சேர்க்கலாம். கோப்புகளின் குறித்த நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் ஒரு ஃபோல்டரையே பூட்டிவிட்டால், காலை பத்து மணி நிலைக்குத் திரும்பிப் போக அது ஒன்றுதான் சட்டென்று கைகொடுக்கும். அப்புறம், வெளியிலிருந்து வேலை செய்ய வசதி என்று அந்தப் பெட்டியை நேராக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியில் உள்ளே வரட்டும்.

மேக் கணினிகள் இருந்தால் சாம்பாவின் ‘ஃப்ரூட்’ மாட்யூல் செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். மேக் கோப்போடு சேர்த்து வைக்கும் கூடுதல் தகவல்களை அது ஒழுங்காகக் கையாளும், டைம் மெஷின் பேக்கப்பும் அதே பெட்டிக்கே வந்துவிடும். இல்லையென்றால் புள்ளியும் அடிக்கோடும் சேர்ந்து தொடங்கும் குட்டிக் கோப்புகள் ஃபோல்டர் முழுக்க இறைந்து கிடக்கும். விண்டோஸ்காரர்கள் அவற்றைக் குப்பை என்று அழிப்பார்கள்.

கோப்பின் பெயரில் வரும் சிக்கல்

எந்த சர்வரை எடுத்தாலும் இது வரும். விலைப்பட்டியல் எதிலும் இது இருக்காது, ஆனால் நடைமுறையில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான்.

விண்டோஸில் பெயருக்குள் வரக் கூடாத குறிகள் உண்டு: கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், கோணக் குறிகள், செங்குத்துக் கோடு, இரண்டு பக்கச் சாய்கோடுகளும். பெயர் ஒரு இடைவெளியிலோ புள்ளியிலோ முடிவதும் கூடாது. மேக்கிலும் லினக்ஸிலும் இதில் பலவற்றுக்குத் தடை இல்லை. ஒரு வடிவமைப்பாளர் “சரியா?” என்று ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால், விண்டோஸில் அது புரியாத எழுத்துகளோடு தெரியும், அல்லது திறக்கவே திறக்காது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் பார்க்கும். விண்டோஸும் வழக்கமான மேக்கும் பார்க்காது. ஒரே பெயரில் எழுத்தளவு மட்டும் மாறிய இரண்டு கோப்புகளை லினக்ஸ்காரர் உருவாக்கினால், மற்றவர்களுக்கு ஒன்றுதான் கிடைக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போனால், முழுப் பாதையும் 260 எழுத்துக்கு மேல் போன இடத்தில் பல விண்டோஸ் மென்பொருள்கள் இன்றும் தடுமாறுகின்றன.

தமிழில் பெயர் வைக்கும் நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகள் இதைச் சொன்னாலும் ஐரோப்பிய எழுத்துகளை வைத்துத்தான் சொல்லும், அதனால் நம் கண்ணில் படாமல் போகிறது. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ இவற்றில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ‘ொ’ என்று ஒரே குறியாகவும் வைக்கலாம்; ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே பைட்டுகள் வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறை எல்லாப் பெயரையும் பிரித்து, இரண்டு குறியாகத்தான் சேமித்தது. 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது, ஆனால் இரண்டையும் ஒரே பெயராகக் கருதுகிறது. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

விளைவு என்ன? ‘சொத்து விவரம்’ என்ற கோப்பு ஒரே ஃபோல்டரில் இரண்டு முறை தெரியும். அல்லது பட்டியலில் கண்ணெதிரே இருக்கும், தேடினால் கிடைக்காது. ‘நிலுவை’ கிடைக்கும், ‘கொள்முதல்’ கிடைக்காது. இதற்காக ஒரு முழு நாள் வட்டு கெட்டுவிட்டதோ என்று சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகுதான், காணாமல் போன பெயர்கள் எல்லாவற்றிலும் கொம்பும் காலும் சேர்ந்து வருவது கண்ணில் பட்டது.

எல்லாரும் எஸ்எம்பி வழியாகவே எழுதும் இடங்களில் இந்தத் தொல்லையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பழைய மேக் வட்டிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் நகல் எடுத்தபோதும், மேக்கில் செய்த ஜிப் கோப்பை லினக்ஸ் சர்வரிலேயே பிரித்தபோதும் வந்தது. ஆர்சிங்கில் பெயரின் குறியாக்கத்தை மாற்றிக்கொண்டே நகலெடுக்க ஒரு தேர்வு உண்டு. ஏற்கனவே கலந்துவிட்ட பெயர்களைச் சரிசெய்ய லினக்ஸில் கன்வ்எம்வி என்ற கருவி உண்டு. தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் எழுத்தில் பெயர் வைத்த கோப்பை அலுவலகத்தில் எல்லாரும் கண்டுபிடிக்க முடிகிறது என்றால், அந்த நெட்வொர்க் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரு சர்வரைச் சோதிக்கும்போது முதலில் உருவாக்குவதே ‘கோப்பு சோதனை கௌரி’ என்ற பெயரில் ஒரு கோப்பைத்தான். மூன்று வகைக் கணினியிலும் அதைத் தேடிப் பார்ப்பேன்.

யார் உள்ளே வரலாம்?

ஐந்தாறு பேர் என்றால் நாஸ் பெட்டியிலேயே பெயர்களை உருவாக்கிவிடுங்கள், கணினியில் வைத்திருக்கும் அதே பெயரில். பத்துப் பதினைந்தைத் தாண்டினால் கடவுச்சொல் மாற்றுவதும், விலகியவரை நீக்குவதும் கையால் செய்ய முடியாத வேலையாகிவிடும். விலகிப் போனவரின் பெயர் ஒரு இடத்தில் நீங்கி இன்னொரு இடத்தில் இருந்துவிடுவதுதான் நிஜமான ஆபத்து.

அப்போது ஒரு பொதுப் பட்டியல் தேவை. விண்டோஸ் அதிகமாக இருந்தால், 2000-த்தில் இருந்து வரும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரிதான் இயல்பான தேர்வு. லினக்ஸ் கணினிகளை ரியல்ம்டி, எஸ்எஸ்எஸ்டி என்ற இரண்டு கருவிகளால் அதில் சேர்ப்பது இப்போது சில நிமிட வேலை. மேக்கையும் சேர்க்கலாம், ஆனால் நான் இப்போது சேர்ப்பதில்லை. லேப்டாப் வெளியில் இருக்கும்போது கடவுச்சொல் மாறினால், மேக்கின் கடவுச்சொல் பெட்டகமான கீசெயின் பழைய கடவுச்சொல்லிலேயே நின்று தகராறு செய்யும். மேக்கில் தனிக் கணக்கே இருக்கட்டும். சர்வரைத் திறக்கும்போது மட்டும் டைரக்டரியின் பெயரைக் கொடுத்தால் போதும்.

செலவில்லாமல் வேண்டுமென்றால் சாம்பாவே 2012-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி சர்வராக நிற்கும். சின்ன அலுவலகத்துக்கு நன்றாகவே நிற்கிறது. இரண்டாவது சர்வர் வைத்தால் எல்லாக் கணினிக்கும் பொதுவான விதிகள் அடங்கிய குரூப் பாலிசிக் கோப்புகளை இரண்டுக்கும் இடையே நகலெடுக்க நீங்களே வழி செய்ய வேண்டும், அதை அது தானாகச் செய்வதில்லை. இதேபோன்ற பெயர்ப் பட்டியல் மென்பொருளான ஃப்ரீஐபிஏ லினக்ஸ் கணினிகளுக்கு அருமை. விண்டோஸ் கணினிகள் அதில் சரியாகச் சேராது என்பதால் கலப்பு அலுவலகத்துக்குத் தனியாகப் போதாது.

இங்கே இரண்டு விஷயம் மட்டும் தொடக்கத்திலேயே சரியாக இருக்க வேண்டும். டைரக்டரி பயன்படுத்தும் கெர்பரோஸ், கடிகாரங்களுக்கு இடையே வழக்கமாக 5 நிமிட வேறுபாட்டைத்தான் பொறுத்துக்கொள்ளும். எல்லாக் கணினியும் ஒரே இடத்திலிருந்து நேரம் எடுக்கட்டும். அடுத்தது டொமைன் பெயர். பழைய வழக்கப்படி ‘.லோக்கல்’ என்று முடியும் பெயரை வைத்துவிடாதீர்கள். மேக்கும் லினக்ஸும் அந்த முடிவை, பக்கத்தில் இருக்கும் கருவிகளைக் கண்டுபிடிக்கும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கி வைத்திருக்கின்றன. விண்டோஸில் சட்டென்று வரும் லாகின் மேக்கில் நிமிடக் கணக்கில் காத்திருக்கும், காரணம் யாருக்கும் புரியாது. பெயரைப் பின்னால் மாற்றுவது வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றுவதுபோல. நிறுவனத்தின் சொந்த டொமைனுக்குக் கீழே ஒரு பெயர் வைப்பதே பாதுகாப்பு.

எல்லாவற்றையும் பிரவுசருக்குள் கொண்டுபோனால்?

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சொந்த சர்வரில் நிறுவும் நெக்ஸ்ட்க்ளவுட். இந்த வழியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே விரிதாளில் நான்கு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். பூட்டு, பதிப்பு, ‘இறுதி புதியது 2’ எல்லாம் மறைந்துவிடும். எந்தக் கணினி என்பதே பொருட்டில்லை. எழுத்து, கணக்கு, அட்டவணை வேலைதான் பெரும்பாலும் என்றால், கோப்பு சர்வரே வாங்காமல் இங்கே போய்விடுங்கள். கடவுச்சொல் பட்டியலும் கூடவே கிடைத்துவிடும்.

பிரவுசரை விட்டு வெளியே வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். கணினியின் ஃபோல்டரோடு ஒத்திசைக்கும் செயலி ஒன்ட்ரைவுக்கும் கூகுள் டிரைவுக்கும் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு. லினக்ஸுக்கு அவர்களே தருவது இல்லை. டிராப்பாக்ஸும் நெக்ஸ்ட்க்ளவுடும் மூன்றுக்கும் தருகின்றன. நெக்ஸ்ட்க்ளவுட் தரவை உங்கள் கையிலேயே வைக்கிறது. அதற்கு ஈடாக, புதுப்பித்தல்களைத் தவறாமல் போடும் ஒருவர் வேண்டும். ஒத்திசைவு எதுவாக இருந்தாலும், இரண்டு பேர் இணைப்பில்லாமல் ஒரே கோப்பை மாற்றினால் ‘முரண்பட்ட நகல்’ ஒன்று பிறக்கும். 40 ஜிபி வீடியோவை இணையம் வழியாக மேலே அனுப்பிக் கீழே இறக்குவதும் நடக்கிற காரியமில்லை. பக்கத்து மேசைக்குக் கேபிள் வழியே போனால் சில நிமிடம்தான். இணையம் அறுந்த மதியங்களையும் கணக்கில் வையுங்கள்.

ஆவண வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. லிப்ரே ஆஃபீஸின் ஓடிஎஃப் 2006-லும், மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் 2008-லும் ஐஎஸ்ஓ தரங்களாகிவிட்டன. ஆனாலும் ஒன்றில் செய்ததை மற்றதில் திறந்து சேமித்துத் திரும்ப அனுப்பும்போது அட்டவணைகள் நகரும், எழுத்துருக்கள் மாறும். உள்ளே புழங்க ஒரு வடிவத்தைத் தீர்மானியுங்கள். வெளியே போவது பிடிஎஃப்.

பிரிண்டரை இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இன்று அது பெரிய கேள்வி இல்லை. ஆப்பிளின் ஏர்பிரிண்ட் 2010-இல் வந்ததிலிருந்து, டிரைவர் இல்லாமல் ஐபிபி என்ற பொது அச்சு மொழி வழியாக அச்சிடும் பிரிண்டர்கள் பெருகிவிட்டன. மேக்கும் லினக்ஸும் அச்சிட ஒரே கப்ஸ் மென்பொருளைத்தான் பயன்படுத்துகின்றன, விண்டோஸும் ஐபிபி பேசும். ஏர்பிரிண்டும் ஐபிபி எவ்ரிவேரும் எழுதியிருக்கும் பிரிண்டரை வாங்கி, ஒரு நிலையான முகவரி கொடுங்கள். வைஃபை ஒரு நெட்வொர்க்கிலும் பிரிண்டர் இன்னொன்றிலும் இருந்தால் அது தானாகத் தெரியாது. முகவரியைக் கையால் கொடுத்தால் வந்துவிடும்.

விண்டோஸை விட்டு நகராத அந்த ஒரு மென்பொருள்

இதற்கு மூன்று வழி. 1993-இல் தொடங்கிய வைன் மூலம் லினக்ஸிலும் மேக்கிலும் விண்டோஸ் மென்பொருளை நேராக ஓட்டலாம். சில அருமையாக ஓடும், சில திறக்கவே திறக்காது. அடுத்த பதிப்பில் எது என்னவாகும் என்று உறுதி கிடையாது. சம்பளமும் வரியும் போடும் மென்பொருளை இதில் நான் வைக்க மாட்டேன். இரண்டாவது, கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினி. ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில், மேக்கை விண்டோஸாகவே தொடங்க வைக்கும் பூட் கேம்ப் கிடையாது. உள்ளே ஓடுவதும் ஆர்ம் வகை விண்டோஸ். பெரும்பாலான மென்பொருள்கள் அதில் ஓடிவிடும், தனி டிரைவர் கேட்கும், கணினியில் செருகும் உரிமச் சாவிகளான டாங்கிள்கள்தான் சண்டை போடும். நான்கு பேருக்கு நான்கு மெய்நிகர் கணினி என்றால் பராமரிக்க நான்கு விண்டோஸ்.

மூன்றாவது, ரிமோட் டெஸ்க்டாப். அந்த மென்பொருளையும் அதன் தரவையும் ஒரே விண்டோஸ் கணினியில் வைத்து, மற்றவர்கள் அங்கே நுழைந்து வேலை செய்வது. மேக்குக்கு மைக்ரோசாஃப்டே செயலி தருகிறது, லினக்ஸில் ரெமினா இருக்கிறது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, முக்கியமாகக் கணக்கு மென்பொருளுக்கு. தரவைப் பகிர்ந்த ஃபோல்டரில் வைத்து, வைஃபையில் இருக்கும் ஐந்து லேப்டாப்புகள் ஒரே தரவுக் கோப்பைத் திறந்து எழுதும் அமைப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இணைப்பு ஒரு நொடி அறுந்தால் போதும், அந்தக் கோப்பு சிதையும். ரிமோட் டெஸ்க்டாப்பில் அறுந்தால் திரை மட்டும்தான் போகும். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். பலர் ஒன்றாக நுழைய விண்டோஸ் சர்வரும், சிஏஎல்லுக்கு மேல் தனியாக ஆர்டிஎஸ் என்ற ரிமோட் டெஸ்க்டாப் உரிமமும் வேண்டும்.

அப்போது எதை எடுப்பது?

எழுத்தும் அட்டவணையும் மட்டுமே வேலை என்றால் பிரவுசர் வழி. அதற்கு மேல் சர்வர் எதுவும் வேண்டாம்.

பெரிய கோப்புகள் உள்ள, பத்து முதல் நாற்பது பேர் வரையிலான கலப்பு அலுவலகத்துக்கு, என் காசு என்றால் நான் செய்வது இது: ஸ்னாப்ஷாட் உள்ள ஒரு நாஸ், அதில் எஸ்எம்பி 3 மட்டும், எஸ்எம்பி 1 அணைத்து, விருந்தினர் இல்லாமல். ஒரே பெயர்ப் பட்டியல். சேர்ந்து எழுதும் ஆவணங்களுக்கு ஏதாவது ஒரு பிரவுசர் சேவை. விண்டோஸ் மென்பொருளுக்கு ஒரே ஒரு ரிமோட் கணினி. நிரலர்களின் நிரல் கோப்பு சர்வருக்கே வர வேண்டாம், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் ‘கிட்’ (Git) கருவியில் இருக்கட்டும். அதோடு என்எஃப்எஸ் கேட்பதும் நின்றுவிடும்.

ஏற்கனவே விண்டோஸ் சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் நாஸ் வாங்க வேண்டியதில்லை. அதே சர்வரில் மேக்கும் லினக்ஸும் நன்றாக வேலை செய்யும், சிஏஎல் எண்ணிக்கையை மட்டும் சரிபாருங்கள்.

மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் பெயர்ப் பட்டியல், அடுத்து ஃபோல்டர்களும் அவற்றின் அனுமதிகளும், கடைசியாகத்தான் பழைய கோப்புகளை நகர்த்துவது. நகர்த்தும் முன் விண்டோஸுக்கு ஆகாத பெயர்களைத் தேடித் திருத்துங்கள். ஒரு பிரிவை மட்டும் இரண்டு வாரம் புதிய இடத்தில் வேலை செய்ய விடுங்கள். பழைய ஃபோல்டரை அழிக்காமல் ‘படிக்க மட்டும்’ என்று மாற்றி வையுங்கள்.

நாஸில் இரண்டு வட்டு ஒன்றின் நகலாக ஒன்று இருப்பதை பேக்கப் என்று எண்ணிவிட வேண்டாம்; ஒன்றில் அழிந்தது மற்றதிலும் அதே நொடியில் அழியும். வேறு கட்டடத்தில் இன்னொரு நகல் வேண்டும். மாதம் ஒரு முறை அந்த நகலிலிருந்து ஒரு கோப்பை மீட்டு, விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று, லினக்ஸில் ஒன்று என்று மூன்றிலும் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயருள்ள கோப்பாக எடுங்கள்.